கொல்லைப்புறத்தில் ஒரு படகு

படகு என்றால் தண்ணீரில் இருக்கும் பொருள் என்றுதான் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. மின்னசோட்டாவில் மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சுமார் 20 வார இறுதிகள் கிடைக்கும். ஒன்றைக்கூட விடாமல் ஏரிக்குப் போய், போகும்போதெல்லாம் 6 மணி நேரம் படகு ஓட்டினால் மொத்தம் 120 மணி நேரம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆக, 1.4 சதவீதம். மற்ற நேரமெல்லாம் அது டிரெய்லர் மேல், தரையில், சும்மா நிற்கிற ஒரு பொருள். ஒரு படகு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை ஏரி தீர்மானிப்பதில்லை, அது நிற்கிற இடம்தான் தீர்மானிக்கிறது.

இதை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியால். "அண்ணா, 18 அடிப் படகு ஒண்ணு, பழசு, டிரெய்லரோட நல்ல விலைக்கு வருது. பேக்யார்டுலயே நிறுத்திக்கலாம்ல? இல்ல, வாடகை குடுத்து வெளிய வைக்கணுமா?" அவர் சேமித்த பணத்தில் பெரிய பகுதி இதற்குப் போகிறது. தப்பாக நிறுத்தினால் ஒரே குளிர்காலத்தில் படகின் விலைக்குச் சமமாக எஞ்சின் செலவு வைத்துவிடும். அதனால் "நிறுத்தலாம்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட மனசு வரவில்லை.

மின்னசோட்டாவில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் 11,842. பதிவு செய்த படகுகள் சுமார் 8 லட்சம். நவம்பர் வந்தால் இவை அத்தனையும் எங்கேயாவது ஒதுங்கியாக வேண்டும். பாதிக்கு மேல் யார் வீட்டுக் கொல்லையிலோ கராஜிலோதான் இருக்கும் என்று நினைக்கிறேன், எங்கள் தெருவைப் பார்த்தாலே தெரிகிறது.

முதலில் படகு உள்ளே போகுமா என்று பார்க்க வேண்டும். 18 அடிப் படகு என்றால் 18 அடி இடம் போதாது. டிரெய்லரின் மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் எஞ்சின் தொங்கும். இரண்டும் சேர்ந்தால் 22, 23 அடி ஆகிவிடும். மூக்கை மடக்கி வைக்கிற டிரெய்லர்கள் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடலாம். சாலையில் இழுத்துப் போக அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அகலம் எட்டரை அடி. நம் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் பல புறநகர் வீடுகளில் அவ்வளவு இடமே இருக்காது. இருந்தாலும் ஏசி யூனிட், கேஸ் மீட்டர், கூரையின் விளிம்பு என்று ஏதாவது குறுக்கே நிற்கும். டேப்பை எடுத்து அகலம், உயரம், திரும்பும் இடம் மூன்றையும் அளந்த பிறகுதான் படகுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

புறநகரைத் தாண்டி, செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். டேங்கிலிருந்து கழிவு நீர் மண்ணுக்குள் கசிந்து இறங்க ஒரு புல்வெளிப் பகுதி ஒதுக்கியிருப்பார்கள். மேலே பார்த்தால் கொல்லையிலேயே சமதளமான, காலியான, அழகான இடம் அதுவாகத்தான் இருக்கும். அங்கே படகை நிறுத்தாதீர்கள். ஒன்றரை டன் எடை ஏறி இறங்கினால் மண் இறுகிவிடும், கீழே உள்ள குழாயும் நசுங்கும். அப்புறம் வீட்டுக் கழிவறை எப்படி வேலை செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஊர் விதி. இது ஊருக்கு ஊர் மாறும். முன்பக்கம் கூடாது, பின்பக்கம் சரி என்று ஒரு நகராட்சி சொல்லும். ஜல்லியோ கான்கிரீட்டோ போட்ட தளத்தில் மட்டும்தான் என்று இன்னொன்று சொல்லும். அதற்கு மேல் எச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்போர் சங்கம் இருந்தால் அவர்கள் விதி நகராட்சியைவிடக் கறாராக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் சீசைடு என்று ஒரு ஊர். அங்கே ஒருவர் வீட்டுப் பக்கவாட்டில் படகு நிறுத்தியிருந்தார். தெருவிலிருந்து தெரியாதபடி 6 அடி வேலி போட்டு மறைக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மனுஷன் மறுபேச்சு பேசாமல் வேலி போட்டார். பிறகு பக்கத்தில் வசித்த ஓவியர் ஒருவரை வைத்து, உள்ளே நிற்கிற அதே படகை அந்த வேலி மேல் அச்சு அசலாக வரைய வைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் வேலியே இல்லாத மாதிரி படகு நிற்கும்! 2024 மே மாதம் இந்தப் படம் இணையத்தில் உலகம் சுற்றியது. சிரிப்பு ஒரு பக்கம். சட்டம் கேட்டது வேலியைத்தான், வேலி இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம், தண்ணீர்.

ஏரித் தண்ணீரால் படகுக்குப் பெரிய ஆபத்து இல்லை, அது வெளியே இருக்கிறது. கொல்லையில் நிற்கும்போது மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. 18 அடிப் படகின் உட்பரப்பை 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர், அதாவது 200 கிலோ. ஒரு வாரம் ஊருக்குப் போன நேரத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 800 கிலோ. டிரெய்லரும் டயரும் இந்தக் கூடுதல் எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. படகின் பின்சுவரில், அடி மூலையில், ட்ரெய்ன் பிளக் என்று ஒரு திருகு மூடி இருக்கும். கரையேறியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். டிரெய்லரின் மூக்கில் உள்ள ஜாக்கியைச் சுற்றி, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கொஞ்சம் உயர்த்தி வைத்தால் விழுகிற தண்ணீர் தானாகப் பின்னால் ஓடி வெளியேறிவிடும். கழற்றிய மூடியை ஸ்டியரிங்கிலோ எஞ்சின் சாவியோடோ கட்டித் தொங்கவிடுவது இங்கே பழக்கம். அதை மறந்து படகை ஏரியில் இறக்கி மூழ்கடித்தவர்கள் கதை ஒவ்வொரு படகுத்துறையிலும் உண்டு.

மின்னசோட்டாவில் இந்த மூடியைக் கழற்றுவது சட்டமும்கூட. ஏரியிலிருந்து கிளம்பும்போது தண்ணீரை வடித்து, மூடி கழற்றிய நிலையில்தான் படகைச் சாலையில் இழுத்துப் போக வேண்டும். காரணம் ஸீப்ரா மஸல் என்கிற விரல்நகம் அளவுச் சிப்பி. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள், கப்பல்களின் நிலைப்பாட்டுத் தண்ணீரில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இன்றைக்கு ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு அது போவது பெரும்பாலும் படகு டிரெய்லர்களில்தான். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, ஒரு டம்ளர் தேங்கிய தண்ணீர் போதும். இந்த விஷயத்தில் கொல்லைப்புறம் நல்லது செய்கிறது. அடுத்த ஏரிக்குப் போவதற்கு முன் 5 நாளாவது படகு முழுசாகக் காய வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. வீட்டில் வெயிலில் நிற்கிற படகுக்கு அந்தக் காய்ச்சல் தானாகவே கிடைக்கிறது.

காய வைப்பது என்றதும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கேட்டமரான் என்று இங்கே சொல்கிறார்களே, அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியும். கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து, மணலில் காயப் போடுவார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. மரம் தண்ணீர் குடித்தால் கனத்துவிடும், மறுநாள் மிதப்பு குறையும். அதனால் அது நிறுத்தி வைக்கும்போது படகாகவே இருக்காது, சில மரத்துண்டுகளாகக் கிடக்கும். நம் ஃபைபர் படகை அப்படிப் பிரிக்க முடியாது. ஆனால் பிரச்சினை அதேதான். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் தரைக்கும் பின்சுவருக்கும் உள்ளே பிளைவுட் இருக்கிறது. ஏதோ ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் வருஷக்கணக்கில் அந்தப் பலகையை உளுக்க வைக்கும். பழைய படகு வாங்குகிறவர்கள் பின்சுவரைத் தட்டிப் பார்த்து, எஞ்சினை ஆட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அதனால் மேலே மூடி வைக்கத்தானே வேண்டும் என்பீர்கள். வேண்டும், ஆனால் நீலத் தார்ப்பாயை இழுத்து இறுக்கிக் கட்டினால் ஒரு பிரச்சினைக்குப் பதில் இரண்டு வரும். நடுவில் தொய்ந்த இடத்தில் மழையோ பனியோ தேங்கிப் பாயைக் கிழிக்கும். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் சீட்டெல்லாம் பூஞ்சை பிடிக்கும். பிவிசி குழாயிலோ மரச்சட்டத்திலோ நடுவில் ஒரு முதுகெலும்பு கட்டி, குடிசைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவாகப் பாயைப் போட்டு, முன்னும் பின்னும் காற்று போக இடம் விட வேண்டும். பாய் நேராகப் படகின் உடம்பில் உரசாமல் இருந்தால் பெயிண்டும் பிழைக்கும்.

இனி உறைதல். இங்கேதான் பணம் போகிறது.

தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும். அதற்கு இடம் கொடுக்காத எதையும் அது உடைக்கும், வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக் உள்பட. படகு எஞ்சின்கள் பெரும்பாலும் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தங்களைக் குளிர்வித்துக்கொள்கின்றன. காரில் உள்ள மாதிரி கூலன்ட் அதில் சுற்றுவதில்லை. கடைசிப் பயணத்தின் ஏரித் தண்ணீர் எஞ்சின் வயிற்றுக்குள் நின்றுகொண்டிருக்கும், டிசம்பரில் அது கல்லாகும்.

வெளியே தொங்குகிற அவுட்போர்டு எஞ்சினுக்கு இது சுலபம். அதைச் செங்குத்தாகக் கீழே இறக்கி வைத்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று மேலே தூக்கி வைத்தால் அடிப்பகுதியில் மழைநீர் தேங்கி உறையும். அதோடு கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படியே விட்டால் கியர்பெட்டி வெடிக்கும். குளிர்காலத்துக்கு முன்பே ஆயிலை மாற்றுவது இதற்காகத்தான், வசந்தத்தில் மாற்றினால் லேட்.

எஞ்சின் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற வகை என்றால் வேலை அதிகம். பிளாக், மேனிஃபோல்டு எல்லாவற்றிலும் வடிகால் திருகுகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சில ஓட்டைகளில் துருவும் மணலும் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்தினால்தான் தண்ணீர் வரும். பிறகு ரோஸ் நிற ஆன்ட்டிஃப்ரீஸ் ஊற்றுவார்கள். அந்த டப்பாவில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது ஃபாரன்ஹீட்டில், குழாய் வெடிக்காமல் இருக்கும் எல்லை. அதற்கு வெகு முன்னாலேயே அது கூழ் மாதிரி ஆகத்தான் செய்யும், ஆனால் உடைக்காது. பழைய தண்ணீரை வடிக்காமல் அதன் மேல் இதை ஊற்றினால் நீர்த்துப்போய் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வாங்கும்போது புரோபிலீன் கிளைகால் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காரில் ஊற்றுகிற எத்திலீன் கிளைகால் விஷம், கொல்லையில் நாய் பூனை நக்கினால் செத்துப்போகும். நண்பர் பார்த்திருந்தது இந்த உள் எஞ்சின் வகைதான். முதல் வருஷமாவது தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

பெட்ரோலும் சும்மா இருக்காது. இங்கே சாதாரண பங்க்கில் கிடைப்பது 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுமார் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். குளிர்ந்தால் இந்த எல்லை இன்னும் குறையும். எஞ்சின் உறிஞ்சுவது டேங்கின் அடியிலிருந்துதான் என்பதை யோசித்தால் விஷயம் புரியும். மின்னசோட்டாவில் படகுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல் விற்கச் சட்டம் இடம் தருகிறது. சீசனின் கடைசி டேங்க்கை அதில் நிரப்பி, ஸ்டெபிலைசர் கலந்து, 10 நிமிஷம் எஞ்சினை ஓட்டினால் மருந்து கலந்த பெட்ரோல் உள்ளே கடைசி வரை போய்ச் சேரும். குளிர்விக்கத் தண்ணீர் வேண்டுமே, அதற்குத் தோட்டக் குழாயை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். முழுக்க சார்ஜ் ஆன லெட் ஆசிட் பாட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உறையாமல் தாக்குப்பிடிக்கும். காலியானது மைனஸ் 10ஐ நெருங்கும்போதே உறைந்து வெடித்துவிடும். ஆகவே குளிரில் விடுவதா என்பதைவிட, காலியாக விடுவதா என்பதுதான் கேள்வி.

எலி பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் குளிரில் எலிக்குப் படகு சீட்டைப் போல் மெத்தை வேறு கிடையாது. ஒயரையும் கடிக்கும். சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டி, சாப்பாட்டுத் துணுக்கு இல்லாமல் துடைத்து, ஓட்டைகளில் செம்புக் கம்பி நாரை அடைக்கலாம். இரும்பு நார் வேண்டாம், துருவிட்டு வெள்ளைப் படகில் கறை ஏறும்.

இப்போது கீழே, டிரெய்லர். படகை ஆசையாகத் துடைக்கிறவர்கள்கூட இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மண் தரையில் ஆறு மாசம் நின்றால் சக்கரம் புதையும், ஈரம் மேலேறும், பிரேக் துருப்பிடிக்கும். ஜல்லித் தளம் நல்லது. முடியாவிட்டால் சக்கரத்துக்கும் ஜாக்கிக்கும் அடியில் தடித்த பலகையோ கான்கிரீட் கல்லோ வையுங்கள். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. ஆக்சிலுக்குப் பக்கத்தில் சட்டத்தைத் தாங்கி ஸ்டாண்டு கொடுத்து எடையை டயரிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் படகைப் பார்த்த பிள்ளை ஏறாமல் இருக்காது. பின்முனையில் நாலு பேர் ஏறினால் சரியாக முட்டுக் கொடுக்காத டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு சாயும்.

டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன் வெயிலில் வெடித்துச் சாகும். பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் எழுத்துகளின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் வயசானதை நம்பாதீர்கள்.

எனக்கு இந்தத் தேடலில் ரொம்பப் பிடித்தது வீல் பேரிங் விஷயம். 50 மைல் வேகமாக ஓட்டி ஏரிக்கு வந்ததும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் பின்னோக்கி இறக்குகிறோம். உள்ளே இருந்த சூடான காற்று சட்டென்று சுருங்குகிறது. அந்த வெற்றிடம் சீல் வழியாக ஏரித் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும், சிரிஞ்ச் மாதிரி. ஓட்டிக்கொண்டே இருந்தால் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும். கொல்லையில் ஆறு மாசம் அசையாமல் நிற்கும்போதுதான் அந்த ஈரம் ஒரே இடத்தில் தங்கி, பேரிங் உருளைகளில் துருக்குழி போடும். மே மாதம் ஹைவேயில் அது சூடாகி உடையும், சக்கரம் கழன்று தனியாக ஓடும். பின்னால் வருகிறவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. படகை நிறுத்துவதற்கு முன், பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியேறுகிற வரை புது கிரீஸை ஏற்ற வேண்டும். அரை மணி நேர வேலை.

திருட்டு, இன்சூரன்ஸ். கொல்லையில் இருந்தால் தெருவிலிருந்து யாருக்கும் தெரியாது. அதே காரணத்தால், உள்ளே நுழைந்தவன் நிதானமாக வேலை பார்க்கலாம். டிரெய்லர் மூக்குக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு போடுங்கள். பின்சுவரின் வலது மேல் மூலையில் 12 எழுத்துகளில் பொறித்திருக்கும் படகு அடையாள எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டு இன்சூரன்ஸே படகுக்கும் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பரவலாக உள்ள எச்ஓ-3 பாலிசியின் நிலையான வாசகத்தில் படகு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 1,500 டாலர். புயல் காற்று, ஆலங்கட்டி மழையால் சேதம் என்றால் படகு முழுக்க மூடிய கட்டடத்துக்குள் இருந்திருந்தால் மட்டுமே கிடைக்கும். கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற படகின் மேல் மரம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஏஜென்டிடம் இப்போதே கேளுங்கள். படகுக்கென்று தனிப் பாலிசி எடுப்பதுதான் சரி.

ஃப்ளோரிடாவில் இருப்பவர்களுக்கு உறைதல் கவலை குறைவு, புயல் கவலை அதிகம். அங்கே தரையில் திருகு நங்கூரம் இறக்கி டிரெய்லரைப் பட்டையால் கட்டி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடச் சொல்வார்கள். நங்கூரத்துக்குத் தோண்டுவதற்கு முன் 811க்கு ஃபோன் செய்தால், கீழே கேஸ், கரண்ட் லைன் எங்கே போகிறது என்று வந்து குறித்துக் கொடுப்பார்கள், காசு கிடையாது.

நண்பர் அளந்து பார்த்தார். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் 9 அடி 2 அங்குலம், நடுவில் ஏசி யூனிட். அதைத் தள்ளி வைக்க ஆகும் செலவையும் ஒரு வருஷ வெளி வாடகையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவேளை படகு கொல்லைக்கு வந்தால், மே மாதம் முதல் பயணத்தில் 10 மைல் ஓட்டிவிட்டு ஓரம் கட்டி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஏரிக்குப் போகலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.